நாலாவது தூண் வரைக்கும்

ஜனவரி 9

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

உன் அத்தை எழுதறேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கு. உட்கார்ற இடம் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கு, அது சீட்டோட கோளாறு, என் கோளாறு இல்லை. நீ எப்படி இருக்கே? வேளாவேளைக்குச் சாப்பிடறியா, இல்லை சிமெண்ட்டையே பார்த்துக்கிட்டு நின்னுடறியா?

கிளம்பிட்டேன்! "அம்மா சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்றாங்க"ன்னு என் பிள்ளை உன்கிட்ட சொல்லியிருப்பான். மலையடியில ஆறு சமதரைக்கு இறங்குற ஊர்ல இருந்து இதை எழுதறேன். சைக்கிள் என் பக்கத்துல சாய்ஞ்சுக்கிட்டு நிக்குது.

முப்பது வருஷம் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தேன். பெருஞ்சாலையில இருந்து ஆத்துப் பக்கம் பிரியற ஒவ்வொரு முனையிலயும் ஊர் பேரைக் கத்துவேன். ஆள் இறங்கும், விசில் அடிப்பேன், வண்டி போயிடும். அந்த ஊர் ஒண்ணுலகூட நான் கால் வெச்சதில்லை. ரிடையர் ஆன அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே நானும் இறங்கப் போறேன்னு. பேரெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதனால ஒவ்வொரு ஊருக்கும் நானே பேர் வெச்சுக்கறேன். இது மலையடி ஊர்.

வேகத்தைப் பத்திப் பயப்படாதே. நேத்து ஒரு வாத்துக் கூட்டம் என்னை முந்திக்கிட்டுப் போச்சு. பிடிச்ச ஊர்ல பத்து நாள் இருப்பேன், பிடிக்காத ஊர்ல டீ குடிச்சுட்டு நகர்ந்துடுவேன். கரைச் சாலையைப் பிடிச்சுக்கிட்டே போனா கடைசியில ஆறு கடல்ல சேர்ற இடம், அங்கே உன் பாலம். அதுல கையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் திரும்பறது.

போனை ஞாயித்துக்கிழமை மட்டும் திறப்பேன். எப்பவும் திறந்து வெச்சா "எப்போம்மா திரும்புவே"ன்னு ஆரம்பிச்சுடுவான். நமக்குள்ள பேச்சு எழுத்துல இருக்கட்டும். அடுத்த ஊரோட நிஜப் பேரை ஒவ்வொரு கடிதத்துப் பின்பக்கமும் எழுதறேன், அந்தத் தபாலாபீசுக்கு, நேர்ல வந்து வாங்கிக்குவாங்கன்னு மேலே எழுதி அனுப்பு. உறைமேல நான் வெச்ச பேரை எழுதிடாதே, அப்புறம் எந்தக் காலத்துலயும் வந்து சேராது.

உன்னை நினைச்சுக்கிட்டே மிதிக்கிற,
அத்தை

ஜனவரி 20

அன்புள்ள அத்தைக்கு,

கடிதம் கிடைச்சது. நானும் நல்லா இருக்கேன், சாப்பாடும் நேரத்துக்கு நடக்குது. உங்க முழங்கால் எப்படி இருக்கு? ஏத்தம் வந்தா இறங்கித் தள்ளுங்க. யாரும் பார்க்க மாட்டாங்க, பார்த்தாலும் கேட்க மாட்டாங்க.

உங்க பிள்ளை போன வாரம் பஸ் பிடிச்சு இங்கே வந்திருந்தார். "எங்கம்மா எங்கே இருக்காங்கன்னு எனக்கே தெரியலை"ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். உங்க கடிதத்தைக் காட்டினேன். வாத்து வர்ற இடத்துல சிரிச்சுட்டு, சிரிக்காத மாதிரி திரும்பிக்கிட்டார்.

ஒரு சேதி சொல்லணும். நாலாவது தூண் இப்ப முழுசா என் பொறுப்பு. அடித்தளம் எனக்கு முன்னாடி இருந்தவங்க போட்டது, மேலே எழும்பினது முழுக்க என் கண் பார்வையில. ஆத்துக்கு நட்டநடுவுல நிக்குது. அதுமேலதான் பாலத்தோட நீளமான ரெண்டு துண்டும் வந்து உட்காரும். காலையில முதல் படகுல அக்கரைக்குப் போய், லெவல் கருவியை நிறுத்தி அதோட உயரத்தை அளக்கறேன். வெயில் ஏறறதுக்குள்ள அதுமேல ஒரு வெளிச்சம் விழும் பாருங்க அத்தை, சிமெண்ட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

என் வயசுல இங்கே யார்கிட்டயும் தனியா ஒரு தூணைக் கொடுத்ததில்லைன்னு பெரிய இன்ஜினியரே சொன்னார். உங்ககிட்ட மட்டும்தான் இப்படிப் பீத்திக்கறேன்.

ஹெல்மெட்டைக் கழட்டாதீங்க.

அன்புடன்,
உங்க மருமகள்

பிப்ரவரி 6

என் தூணுக்காரிக்கு,

நான் நலம், சைக்கிள் நலம், நடுவுல செயின் மட்டும் ஒரு தடவை கோவிச்சுக்கிட்டு இறங்கிடுச்சு. உன் உடம்பைப் பார்த்துக்கோ. வெயில்ல தலையை மூடிக்கோ, கறுத்துப்போனாலும் பரவாயில்லை, மயக்கம் வரக்கூடாது.

இப்ப செங்கல் ஊர்ல இருக்கேன். வர்ற வழி எப்படி இருந்துச்சு தெரியுமா? இடது கைப்பக்கம் ஆறு, வலது கைப்பக்கம் கரைச் சரிவு, மேலே ஒத்தையடியா தார்ச்சாலை. வண்டியெல்லாம் பெருஞ்சாலைக்குப் போயிட்டதால ஈ காக்கா இல்லை. காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளுது. நான் மிதிக்கிறதை விட்டுட்டுக் காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தேன், ஸ்கூல் பொண்ணு மாதிரி. மதகு வர்ற இடத்துல ஆறு ரெண்டாப் பிரிஞ்சு, ஊரைச் சுத்திட்டு மறுபடி சேருது. இந்த முனையில எத்தனை ஆயிரம் தடவை விசில் அடிச்சிருப்பேன், உள்ளே இப்படி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தராவது சொன்னாங்களா?

சூளையில மேஸ்திரியா ஒரு அம்மா. எனக்குத் தங்க ஒரு அறை கொடுத்திருக்காங்க, சுவரைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து பேசறப்போ நான் ஆரம்பிச்சேன். "கடைசியில ஒரு பாலம் வருதே, அதுல நாலாவது தூண் என் மருமக கட்டறது." அந்தம்மா உடனே, "தண்ணிக்குள்ள தூண் எப்படிங்க நிக்கும்?"னு கேட்டுட்டாங்க. கண்டக்டர் கிட்ட டிக்கெட் இல்லாத மாதிரி முழிச்சேன். அப்புறம் சமாளிச்சு, "அது பெரிய படிப்பும்மா, சொன்னா புரியாது"ன்னு சொல்லிட்டேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

மானத்தைக் காப்பாத்து. புரியற மாதிரி எழுதி அனுப்பு.

பெருமை தாங்காத,
அத்தை

பிப்ரவரி 19

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? செயினுக்கு எண்ணெய் விட்டீங்களா?

சூளை அம்மாகிட்ட இப்படிச் சொல்லுங்க. தூண் பல்லு மாதிரி. வெளியே தெரியறது கொஞ்சம், ஈறுக்குள்ள இருக்கறதுதான் முக்கியம். ஆத்து மணலைத் தோண்டி எடுத்துக்கிட்டே அடித்தளத்தைக் கீழே இறக்கணும், பாறை வர்ற வரைக்கும். பாறையில உட்கார்ந்துட்டா அசையாது. வெள்ளம் வந்து மேல்மண்ணை எல்லாம் அரிச்சாலும் பயமில்லை. பின்பக்கம் படம் போட்டிருக்கேன்.

இங்கே எல்லாம் சரியா இருக்கு.

ஒண்ணு கேட்கணும். நீங்க கண்டக்டரா இருந்தப்போ, டிரைவர் போகலாம்னு சொல்லியும், ஆளுங்க எல்லாம் அவசரப்பட்டும், நீங்க மட்டும் விசில் அடிச்சு வண்டியை நிறுத்தினது உண்டா? சும்மாதான் கேட்கறேன்.

அன்புடன்,
உங்க மருமகள்

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

சௌக்கியமா இருக்கேன், நீயும் அப்படித்தான்னு நம்பறேன். எழுத்து கோணலா இருந்தா பேனா சரியில்லைன்னு வெச்சுக்கோ. இப்ப படகு கட்டற ஊர்ல இருக்கேன். ஊர் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதனால கொஞ்ச நாளா இங்கேயே இருக்கேன்.

உன் பல்லுக் கதை பிரமாதம். இங்கே ஆசாரிங்க கிட்ட அதையே சொன்னேன், என்னமோ நானே கண்டுபிடிச்ச மாதிரி. ஒருத்தர் தன் பல்லை ஆட்டிப் பார்த்துக்கிட்டார்.

நீ கேட்டியே, நிறுத்தியிருக்கேன். பின்சக்கரத்துப் பக்கம் டொக் டொக்னு ஒரு சத்தம். டிரைவர் ஒண்ணுமில்லைன்னார். நான் விசிலை ஊதி ஊதி நடுச்சாலையில நிறுத்திட்டேன். பரீட்சைக்குப் போற பசங்க, கல்யாணத்துக்குப் போற கூட்டம், எல்லாரும் என்னைத் திட்டித் தீர்த்தாங்க. குனிஞ்சு பார்த்தா, எவனோ கூரை மேல கட்டின பித்தளை வாளி அவுந்து தொங்கி இடிச்சுக்கிட்டு இருக்கு! டெப்போவுல ஒரு வருஷம் எனக்கு வாளின்னே பேரு. உன் மாமனார்கூட வீட்டுல அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தார், ஒரு நாள்தான், அதுக்கு மேல அவருக்குத் தைரியம் வரலை.

அதுக்கப்புறமும் சத்தம் கேட்டா நிறுத்திக்கிட்டுத்தான் இருந்தேன். என்ன பண்றது, காதுன்னு ஒண்ணு இருக்கே.

ஏன் கேட்டே?

அன்போட,
அத்தை

மார்ச் 24

மருமகளே,

என்ன ஆச்சு? சந்தை ஊர் தபாலாபீசுக்குப் போனேன், கடிதம் இல்லை. மறுநாள் போனேன், இல்லை. மூணாவது நாள் நான் வாசல்ல சைக்கிளை நிறுத்தும்போதே அங்கே இருக்கற அம்மா கையை விரிச்சுக் காட்டிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை என் பிள்ளைகிட்டக் கேட்டேன். "அவளுக்கு வேலை ஜாஸ்திம்மா." சொன்ன விதம் சரியில்லை. சின்ன வயசுல கண்ணாடியை உடைச்சுட்டு "பூனைம்மா"ன்னு சொன்னானே, அதே குரல்.

சரி, முதல்ல நான் சொல்லிடறேன். படகு ஊர்ல ரொம்ப நாள் இருந்தது ஊர் பிடிச்சதால இல்லை. சரிவுல பிரேக்கைப் பிடிக்காம வந்து விழுந்துட்டேன். வலது மணிக்கட்டுல கட்டு. அங்கே இருந்த நர்ஸ் ஒருத்தர் தன் வீட்டுலயே வெச்சுப் பார்த்துக்கிட்டார். இப்ப கட்டைப் பிரிச்சாச்சு, பிரேக்கும் பிடிக்க வருது. நீ பயந்துடுவேன்னுதான் எழுதலை.

இனி நீ சொல்லு. உடம்புக்கு ஏதாவதா? அவன் ஏதாவது சொன்னானா? சொல்லியிருந்தா நான் சைக்கிளைத் திருப்பிக்கிட்டு நேரா அவன்கிட்டதான் போவேன்.

காத்துக்கிட்டு இருக்கற,
அத்தை

ஏப்ரல் 5

அன்புள்ள அத்தைக்கு,

பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க. விழுந்ததை இப்பவாவது சொன்னீங்களே. மணிக்கட்டுக்கு ஓய்வு கொடுங்க.

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லை. உங்க பிள்ளையும் ஒண்ணும் சொல்லலை, பாவம், அவரை விட்டுடுங்க. வேலைதான். இனிமே கடிதத்தைச் சாமான் கிடங்கு அலுவலகத்துக்கு அனுப்புங்க, நான் இப்ப அங்கேதான் உட்கார்றேன்.

சந்தை ஊரோட திரும்பிடுங்களேன் அத்தை. மழை வந்தா கரைச் சாலை சேறாயிடும். பாலத்தை இன்னொரு சமயம் பார்க்கலாம். தூணைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு வர வேண்டாம்.

அன்புடன்,
உங்க மருமகள்

ஏப்ரல் 22

என் கண்ணு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை நலமான்னு கேட்கப் போறதில்லை. நீ எப்படி இருக்கேன்னு பார்த்துட்டேன்.

நான் திரும்பலை. உன் கடிதத்தைப் படிச்சதும் இன்னும் வேகமா மிதிச்சேன், வாத்தையே முந்தற வேகம். கடைசி ஊருக்கு வந்து முந்தாநாள் காலையில சைக்கிளோட படகுல ஏறினேன். ஆறு அங்கே அகலம்னா அகலம், அக்கரையில நிக்கற ஆள் எறும்பு மாதிரி இருக்கான். பாலத்துக்காக எழும்பின தூணெல்லாம் வரிசையா நிக்குது. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. படகுக்காரர் கிட்ட, "இதுல நாலாவது எதுங்க?"னு கேட்டேன்.

"அதோ, ஆளே இல்லாம நிக்குதே, அதுதான். வேலை நின்னு ரெண்டு மாசமாச்சு."

"ஏன்?"

"ஒரு பொம்பளை இன்ஜினியர் நிறுத்திட்டாங்க. தூண் கீழே இறங்குதாம். நீங்களே பாருங்கம்மா, நல்லா நேராத்தானே நிக்குது?"

பக்கத்துல காய்கறிக் கூடையோட ஒரு அம்மா. அவங்க ஆரம்பிச்சாங்க. "படிச்சுட்டு வந்து ஊர் வாயில மண்ணைப் போடுதுங்க. இந்த வருஷம் பாலம் வந்துடும்னு அந்தக் கரையில கடைக்கு இடம் பார்த்து வெச்சிருந்தேன். இப்படியே கூடையைத் தூக்கிக்கிட்டுப் படகுக்குக் காத்துக் கிடக்கணும்னு என் தலையெழுத்து. அவளைக் கிடங்குல தூக்கிப் போட்டுட்டாங்களாம். நல்லா வேணும்."

நாலஞ்சு பேர் ஆமாம் போட்டாங்க. ஒருத்தர் சிரிச்சார்.

நான் வாயைத் திறக்கலை. என் வாய்! நீயே நினைச்சுப் பாரு. மலையடியில இருந்து ஊர் ஊரா "என் மருமக தூண்"னு தம்பட்டம் அடிச்சுக்கிட்டு வந்தவ, ஹாண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணியைப் பார்த்தபடி நிக்கறேன். யாருக்கும் என்னைத் தெரியாது. பேசாம அக்கரையில இறங்கிப் போயிடலாம். ஒரு நிமிஷம் அந்த எண்ணமும் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

படகு தூணுக்குப் பக்கத்துல வந்துச்சு. ஏறிட்டுப் பார்த்தேன். எவ்வளவு பெருசு! நீ எழுதினப்போ எனக்கு இவ்வளவு பெருசுன்னு தோணலை. அதைப் பார்த்ததும் குரல் தானா வந்துடுச்சு.

"அந்தப் பொம்பளை என் மருமக."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. காய்கறி அம்மா, "அய்யோ, தெரியாம சொல்லிட்டேன்"னாங்க.

"தெரிஞ்சாலும் சொல்லுங்க, பரவாயில்லை. அவ நிறுத்தினது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட சொல்லலை. ஆனா இந்தத் தூணை எழுப்பினதும் அவதான். வெயில்ல நின்னு எழுப்பினா. அடுத்தவங்க கட்டினதை யார் வேணாலும் குறை சொல்லலாம். தான் எழுப்பினதைத் தானே நிறுத்தணும்னா, எவ்வளவு நெஞ்சுரம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க."

படகுக்காரர்தான், "அந்தம்மா தினமும் என் முதல் படகுலதான் வருவாங்க. கருவியை மடியில வெச்சுக்கிட்டு உட்காருவாங்க, குழந்தையை வெச்சுக்கற மாதிரி. கடைசியா வந்த அன்னிக்கு அழுதுக்கிட்டே போனாங்க"ன்னார்.

காய்கறி அம்மா விடலை. "உங்க மருமகளாவே இருக்கட்டும்மா. எனக்குப் பாலம் வேணுமே"ன்னாங்க. "எனக்கும்தான் வேணும்"னேன். அவங்க மேல எனக்குக் கோபமே வரலை. கூடையை இறக்க ஒரு கை பிடிச்சேன்.

அப்புறம் கிடங்கு வாசல் வரைக்கும் வந்தேன். நீ வாசலுக்கு முதுகு காட்டி, மூட்டைகளுக்கு நடுவுல நின்னு என்னமோ எழுதிக்கிட்டு இருந்தே. இளைச்சுட்டே. கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடலை. நீயா சொல்றதுக்கு முன்னாடி நான் வந்து நின்னா, உன்னைக் கையும் களவுமாப் பிடிச்ச மாதிரி ஆயிடும். நீ திருடி இல்லையே. அதே படகுல திரும்பிட்டேன்.

இக்கரையிலதான் இருக்கேன். உனக்கு எப்போ தோணுதோ அப்போ எழுது.

உன்னோட,
அத்தை

ஏப்ரல் 30

அத்தை,

வாசல் காவலாளி சொன்னார், மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா சைக்கிளோட வந்து ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாங்கன்னு. யாரைப் பார்க்கணும்னு கேட்டதுக்கு, "பஸ்ஸைத் தவறவிட்டுட்டேன்"னு சொன்னீங்களாம். உங்க கடிதம் வந்த அப்புறம்தான் புரிஞ்சது. கிடங்குலயே உட்கார்ந்து அழுதுட்டேன். சிமெண்ட் தூசின்னு சொல்லிச் சமாளிச்சேன்.

எல்லாத்தையும் சொல்லிடறேன்.

ஜனவரிக் கடைசியில இருந்தே தூண் இறங்க ஆரம்பிச்சது. கண்ணுக்குத் தெரியாது, மயிரிழைதான். எல்லாத் தூணும் பாரம் ஏற ஏறக் கொஞ்சம் இறங்கும், அப்புறம் நின்னுடும். இது நிக்கலை. ஆறு வந்து மோதற பக்கமா சாய்ஞ்சுக்கிட்டே இறங்குச்சு. பெரிய இன்ஜினியர் கிட்டச் சொன்னேன். "கருவியைச் சரிபார்"னார். வேற கருவி வாங்கி அளந்தேன், அதேதான். மேலே பாலத்துண்டை ஏத்தலாம்னு கையெழுத்துக் கேட்டாங்க. ஏத்தினா மேலே நூறு பேர் வேலை செய்வாங்க, கீழே படகு போகும். அப்போதான் உங்களுக்கு அந்தக் கேள்வியை எழுதினேன். ஆனா உங்க வாளிக் கதை வர்றதுக்குள்ள நான் விசில் அடிச்சுட்டேன் அத்தை. தூணுக்குப் பொறுப்பாளிங்கற முறையில வேலையை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்துட்டேன்.

அதோட எல்லாம் மாறிடுச்சு. கூலியாட்களுக்கு வேலை போச்சு, அவங்க என் முகத்தைப் பார்க்கறதில்லை. "பொறுப்பைக் கொடுத்தேன், நீ பயத்தைக் காட்டிட்டே"ன்னு பெரிய இன்ஜினியர் எல்லார் முன்னாலயும் சொன்னார். விசாரணை முடியற வரைக்கும் கிடங்குல உட்காருன்னாங்க.

உங்ககிட்ட ஏன் சொல்லலை? நீங்க ஊர் ஊரா என்னைப் பத்திச் சொல்லிக்கிட்டு வர்றீங்க. அந்தப் பெருமையை நடுச்சாலையில நிறுத்த எனக்கு மனசு வரலை. இந்த ஒண்ணுக்கு எனக்குத் தைரியம் பத்தலை. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு உங்க பிள்ளையையும் கேட்டுக்கிட்டேன்.

ஆத்துல தண்ணி குறைஞ்சதும் முக்குளிக்கறவங்க வந்து அடியில பார்ப்பாங்க, துளை போட்டும் பார்ப்பாங்க. பாறை இருந்துதுன்னா நான் தப்பு. வேலை போயிடும். நான் சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியாது.

ஆனா அக்கரையில இருந்து என் பக்கம் பேச ஒருத்தர் இருக்காங்கன்னு தெரிஞ்சதுல இருந்து சாப்பாடு இறங்குது.

உங்க மருமகள்

மே 8

என் கண்ணு,

சாப்பாடு இறங்குதுன்னு எழுதினியே, அதுதான் எனக்கு முதல் சேதி. நான் திடமா இருக்கேன்.

நீ சரியா தப்பாங்கறதைக் கீழே போய்ப் பார்க்கறவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் நான் சும்மா உட்கார்ந்திருக்கப் போறதில்லை. சைக்கிளைத் திருப்பிட்டேன். ஊருக்குப் போகலை, மேலே போறேன். சந்தை ஊர், படகு ஊர், செங்கல் ஊர். எல்லா இடத்துலயும் "பாலம் கட்டற மருமக"ன்னு பாதிதானே சொல்லியிருக்கேன்? மீதியையும் சொல்லிட்டு வர்றேன்.

எதிர்காத்து. வர்றப்போ முதுகுல தள்ளின அதே காத்து இப்ப மார்ல கை வெச்சுத் தள்ளுது. பத்து மிதி மிதிச்சா எட்டு அடி நகருது. இருக்கட்டும்.

நேத்து சந்தை ஊர் தபாலாபீஸ் அம்மாகிட்ட ஆரம்பிச்சுட்டேன். "என் மருமக தூணை நிறுத்திட்டா." "அடடா, இப்ப என்ன ஆகும்?"னாங்க. "வேலை போனாலும் போகும்"னேன். "அப்புறம் ஏங்க இவ்வளவு சந்தோஷமா சொல்றீங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கே அப்போதான் தெரிஞ்சது, நான் சிரிச்ச முகமா இருக்கேன்னு.

என் பிள்ளைகிட்டயும் பேசினேன். உன் பேச்சைக் காப்பாத்தி என்கிட்ட மறைச்சானாம். திட்டலை. நல்ல புருஷனாத்தான் வளர்த்திருக்கேன்னு வெச்சுக்கிட்டேன்.

படகு ஊருக்கு எழுது.

அத்தை

ஜூன் 2

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? நான் ரொம்ப நல்லா இருக்கேன். இதை எழுதும்போது மனசுல இருக்கறது சந்தோஷமா பயமா தெரியலை.

முக்குளிக்கறவங்க வந்தாங்க. ஆறு மோதற பக்கம் அடித்தளத்துக்குக் கீழே மணல் அரிச்சுப் போய், ஆள் நுழையற அளவுக்குப் பொந்து. துளை போட்டும் பார்த்தாங்க. பாறைன்னு முன்னாடி இருந்தவங்க நினைச்சது பாறையே இல்லை. களிமண்ணு மேல கிடந்த ஒரு பெரிய உருண்டைக் கல். அதுமேல கொண்டுபோய் உட்கார வெச்சிருக்காங்க. பாலத்துண்டை ஏத்தியிருந்தா முதல் வெள்ளத்துக்குத் தாங்கியிருக்காது.

பெரிய இன்ஜினியர் கிடங்குக்கே வந்தார். என் அளவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். அப்புறம், "நாளைக்குக் காலையில முதல் படகுல போ"ன்னு மட்டும் சொல்லிட்டுத் திரும்பிட்டார். போனேன். படகுக்காரர் எனக்காக இடம் துடைச்சு வெச்சிருந்தார்.

ஆனா தூணைக் காப்பாத்த முடியாது அத்தை. முழுசா எடுத்துட்டு, பாறை வரைக்கும் போய்ப் புதுசாப் போடணும். அதுக்கும் நான்தான் பொறுப்பு. வெடியெல்லாம் வைக்க மாட்டாங்க. மேலே இருந்து துண்டு துண்டா அறுத்து, கிரேன்ல தூக்கி, பார்ஜ்ங்கற தட்டைப் படகுல இறக்குவாங்க. இருபதாம் தேதி காலையில முதல் துண்டு.

எனக்குன்னு கொடுத்த முதல் தூண். அதை அறுக்கச் சொல்லிக் கை காட்ட வேண்டியதும் நான். அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. வர முடியுமா?

உங்க மருமகள்

ஜூன் 6

என் கண்ணு,

படகு ஊர்ல உன் கடிதத்தை வாங்கி, வாசல்லயே நின்னு படிச்சேன். நல்லா இருக்கேன்னு தனியா எழுதணுமா? நர்ஸ் வீட்டுல எல்லாரையும் கூட்டி வெச்சு, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் சத்தம் போட்டுப் படிச்சேன். ஆசாரிங்க இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. பொந்து வர்ற இடத்துல ஒருத்தர் எழுந்தே நின்னுட்டார்.

நாளைக்கு விடியும்போது கிளம்பறேன். காத்து மறுபடி என் பக்கம். என் பிள்ளை லீவு போட்டுட்டு சந்தை ஊருக்கு வர்றான், வாடகை சைக்கிள்ல என்கூட வரப்போறானாம். "நீ மெதுவா வருவேன்னா நான் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்"னு இப்பவே சொல்லிட்டேன்.

அந்தக் காய்கறி அம்மாவுக்கும் சொல்லிவிடு. அவங்க பார்த்தே ஆகணும். கோபம் போகலைன்னாலும் வரட்டும், என் பக்கத்துல நிக்கட்டும். பாலம் வேணும்னு கேட்டது அவங்கதானே.

கண்ணு, திறப்பு விழாவுக்குக் குடும்பத்தைக் கூப்பிடறவங்களை நிறையப் பார்த்திருக்கேன். ரிப்பன் வெட்டுவாங்க, எல்லாரும் கை தட்டுவாங்க, அதுல என்ன இருக்கு? தான் எழுப்பினதைத் தானே எடுக்கற நாளுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது நீ ஒருத்திதான். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை யாரும் செஞ்சதில்லை.

நீ கையைக் காட்டு. தைரியமாக் காட்டு. முதல் துண்டு மேலே எழும்பும்போது கரையில இருந்து ஒருத்தி கை தட்டற சத்தம் கேட்கும். உன் பெரிய இன்ஜினியர் யாருன்னு கேட்டா, திரும்பிப் பார்த்துச் சொல்லு.

வந்துக்கிட்டே இருக்கேன்.

அத்தை